முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் கட்சி

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில் பெரிய கண்ணாடியை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. மறுமுனையைப் பிடிப்பவள் டிரான்ஸ்னிஸ்ட்ரியாக்காரி. மால்டோவாவில் இருந்து பிரிந்த ஒரு துண்டு நிலம் அது. சொந்தக் கொடி, சொந்தக் காசு, சொந்தப் பொலிஸ், எல்லாம் இருக்கிறது. ஐ.நா.வில் ஒரு நாடு கூட அதை நாடு என்று ஏற்கவில்லை.

நாடு கேட்டுப் போராடிய தமிழர் எங்களுக்கு அந்தளவும் கிடைக்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு உண்டு. அதனால் அவளைக் குடைந்துகொண்டே இருப்பேன். கடிதத்துக்கு எந்த முத்திரை ஒட்டுவீர்கள்? வெளிநாடு போக எந்தப் பாஸ்போர்ட்? அவள் சலித்துப்போய், "உனக்கென்ன, அங்கை காணி வாங்கப் போறியோ?" என்பாள். எங்கள் இருவருக்கும் பொதுமொழி உடைந்த டேனிஷ்தான். என் காதில் அது தமிழாகவே விழும்.

இந்த வசந்தத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள். அவளுடைய மகளுக்கு வயது பத்தொன்பது, அங்கே தகப்பனோடு இருக்கிறாள். டேனிஷ் படித்து, இங்கே தாதியர் பள்ளியில் இடமும் எடுத்திருந்தாள். மகளோ வரமாட்டேன் என்கிறாளாம். ஏதோ புதுக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் ஒருவருக்கும் அங்கே இடமில்லையாம்.

"நானும் அந்த வயசிலை அப்பிடி ஒண்டிலைதான் நிண்டனான். மஞ்சள் சட்டை தந்தாங்கள், பஸ் தந்தாங்கள், போய்க் கத்தினம். ஆர் தந்தது எண்டு கேக்கேல்லை. உங்கடை சனம் நாடு கேட்டு என்ன பட்டது எண்டு அவளுக்குச் சொல்லு. அவள் பயப்பட வேணும்."

மதிய இடைவேளையில் பாண் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தோம். செத்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இருந்தேன். திரையில் பெட்டையின் பின்னால் சுவர் முழுக்கக் கையால் எழுதிய சுவரொட்டிகள். என் வாய் தன்பாட்டில் போனது.

"உங்கடை தலைவரை ஆர் தெரிவு செய்யிறது?"

"நாங்கள்தான். கை உயர்த்தி."

"முப்பது முடிஞ்சா?"

"கேக் வெட்டி வீட்டை அனுப்பிவிடுவம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இடைவேளை முடிந்தது. சாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. எங்கோ ஒருவன் நாடு கட்டுகிறான் என்றால், என் வயதுத் தமிழன் முதலில் வரைபடத்தைத்தான் கேட்பான். வேறென்ன செய்வான்?

"உறுப்பினர் அட்டை கேக்காததுதான் குறை!" என்று தாய் கத்தினாள்.

வீட்டில் மனைவி அதற்கு மேல். "புத்தி சொல்லச் சொன்னா, பேட்டி எடுத்துப்போட்டு வந்து நிக்கிறியள்."

அடுத்த கிழமை மகளிடம் இருந்து செய்தி வந்தது. நான் காணொளியில் அவர்கள் கூட்டத்தில் பேச வேண்டுமாம், நாடு கேட்ட இனத்தவன் என்று. என்ன பேசுவேன் என்று முன்பே சொல்லவும் வேண்டுமாம். சொன்னேன்: எங்கள் பிள்ளைகள் செத்தார்கள், டென்மார்க்கில் இருந்து கைதட்டிய நாங்கள் சாகவில்லை. அதைத்தான் பேசுவேன்.

பதில் வர இரண்டு நாள் ஆனது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசலாமாம்.

"ஆர் சொன்னது?" என்று எழுதினேன்.

"கட்சி ஆலோசகர்."

"அவருக்கு எத்தினை வயசு?"

உண்மையாகவே அறியத்தான் கேட்டேன். வலை விரிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை. அவள் எழுதுகிறாள் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"ஐம்பத்தைந்து இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் பேசவில்லை. இடத்தை ஏற்கிறாளா என்று பள்ளிக்குச் சொல்ல வேண்டிய நாளும் கடந்துவிட்டது. தாய் என்னோடு கதைப்பதை விட்டிருந்தாள்.

நேற்றுத்தான் வாய் திறந்தாள். "இடம் இன்னும் இருக்கோ எண்டு மகள் கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டனான். இனித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போன் அடிச்சுக் கேக்க வேணும்."