போறண்டா போ

முதலில் குரல் கம்மியது. கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுவது என் தொழில். கூறுகிறவனுக்குப் பகலானால் தொண்டை கட்டத்தான் செய்யும் என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். உங்களில் யாருக்காவது சில வாரங்களாகக் குரல் கம்மியே இருந்தால், என்னைப்போல் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிராமல் டாக்டரிடம் போங்கள்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்ததும், குரல்வளையை (தொண்டையில் சத்தம் எழும் பகுதி) முழுதாக எடுக்கவேண்டும் என்றார் கொழும்பு டாக்டர்.

"பிறகு கதைக்க ஏலாதா டொக்டர்?"

"கழுத்தில வச்சுக் கதைக்கிற சின்ன மெஷின் இருக்கு. சொல் வரும். ஏற்ற இறக்கம் வராது."

எனக்கு அந்த ஏற்ற இறக்கம்தானே எல்லாம். வீட்டுச் சண்டையில் நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தையையே குத்துகிற மாதிரிச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அப்படிச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியாகவேண்டும். சுனாமி வந்த அன்று காலை, மகளையும் கூட்டிக்கொண்டு கடலுக்குத் தூரமான சம்மாந்துறையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போகட்டுமா என்று என் மனைவி ஹாஜரா கேட்டாள். எங்களுக்கு ஒரே மகள், நஸ்ரின், பதினொரு வயது. முதல் நாள் சண்டை தீராமல் கிடந்தது.

"போறண்டா போ" (போவதென்றால் போ) என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஹாஜரா எடுத்த பையைத் திரும்ப வைத்துவிட்டாள். நான் ஒரு வேலையாகப் பிரதான வீதிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் கடல் வீட்டுக்குள் வந்தது. அவள் மரமொன்றைப் பிடித்துப் பிழைத்தாள். மகளின் ஜனாஸா (உடல்) மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

அதன் பிறகு வந்த சண்டைகளில் எல்லாம், "நான் போகத்தானே சொன்னன்?" என்று வாதாடினேன். சொல் என் பக்கம் இருந்தது. குரலுக்கு யார் சாட்சி?

ஒப்பரேஷனுக்குப் போகுமுன் எல்லாரிடமும் மாப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். அயலாரிடம் கேட்டேன், மச்சான்மாரிடம் கேட்டேன். கடைசியாகக் குசினிக்குப் போனேன்.

"ஏதும் இருந்தா மாப்புச் செய்." ஏலத்தை முடிக்கிற அதே குரலில்தான் வந்தது.

"ஓம், செஞ்சிட்டன்" என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. அந்த ஓமில் ஒன்றுமே இல்லை என்று எனக்கு விளங்கியது. வெட்கங்கெட்டவன், மறுபடி கேட்கவில்லை. சொந்தக் குரலில் கேட்க எனக்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பம் அது.

கண் விழித்தபோது கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடும் துளை) இருந்தது. அந்த வாரம்தான் யுத்தம் முடிந்தது. வெளியே வெடி கொளுத்தினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மட்டக்களப்பு மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் குரல் இல்லை.

மெஷினுக்குப் பழக மாதக்கணக்கானது. தேடி எடுத்து, கழுத்தில் சரியான இடத்தில் வைத்து, விசையை அழுத்துவதற்குள் கோபம் பழசாகிவிடும். ஹாஜரா என் பேச்சைக் கேட்கும்போது கண்ணைப் பார்க்கத் தொடங்கினாள்.

போன மாதம் அஸர் தொழுதுவிட்டு வந்து நின்றாள்.

"தங்கச்சிக்குச் சுகமில்லையாம். சம்மாந்துறைக்குப் போயிட்டு வரட்டா?"

மெஷினைக் கழுத்தில் வைத்தேன். வாயில் அதே சொல்தான் வந்தது. "போறண்டா போ." மனதாரத்தான் சொன்னேன். தகரத்தில் தட்டியதுபோல் ஒரே சீராக வந்தது.

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"அண்டைக்கும் இப்படிச் சொல்லியிருந்தீங்கண்டா, எங்கட புள்ள இருந்திருக்கும்."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவள் போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் கையில் இருந்தது. கழுத்துத் துளையால் மூச்சு போய் வந்தது, போய் வந்தது. முன்பென்றால் அதற்குள், "நான் போகத்தானே சொன்னன்" என்றிருப்பேன்.