வாத்தியார் மகன்

துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் செராமிக் கம்பெனி ஒன்றின் தொழிலாளர் கேம்ப். அம்மையப்பனின் ரூமுக்குப் புதிதாக ஒரு காஷ்மீர்க்காரன் வந்தான். பெயர் பஷீர் க்ரால். பக்கத்துக் கட்டிலுக்கு எவன் வந்தாலும் அவன் என்ன ஆளுங்க என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அம்மையப்பனுக்குச் சோறு இறங்காது. ஊரில் என்றால் எந்தத் தெரு என்று கேட்டால் போதும். காஷ்மீரில் எந்தத் தெருவைக் கேட்பது? பேச்சோடு பேச்சாக, "க்ரால்னா என்ன பாய்?" என்று கேட்டுவைத்தான்.

பஷீர் எதையும் ஒளிக்கவில்லை. "எங்க பாஷையில குயவன். வழிவழியா பானை செஞ்சோம். ஊர்ல அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு குடும்பத்துக்கே பேராயிடுச்சு," என்று இந்தியில் சொன்னான். "உங்க அப்பா என்ன செய்றார்?"

மானாமதுரையில் பானைச் சூளைப் புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் அப்பா நினைவுக்கு வந்தார். அம்மையப்பன் வாய் கூசாமல், "வாத்தியார்," என்றான்.

மறுநாள் டூட்டியில் வாஷ்பேசின்களை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கீறல் விழுந்தவற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தான். பார்த்த பஷீருக்கு முகம் மலர்ந்தது.

"எங்க தாத்தாவும் பானையை இப்படித்தான் தட்டுவார். யார் சொல்லிக் கொடுத்தது?"

அப்பா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததுதான். அம்மையப்பன் அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கினான்.

"இங்க கம்பெனியில கத்துக்கிட்டது."

பஷீர் அதையும் நம்பிவிட்டான். சாயங்காலம் ரூமில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "வாத்தியார் மகன் பாருங்க, எதையும் சட்டுனு பிடிச்சுக்கிறார்," என்று பெருமையாகச் சொன்னான்.

அன்றைக்குத்தான் அம்மையப்பனுக்கு உண்மையிலேயே சோறு இறங்கவில்லை.