அமிர்தம் அக்காவின் ‘திற’

மருத்துவச்சி அமிர்தம் அக்கா காலமான செய்தி எங்கள் தீவின் காத்ர் போர்ன் சந்தையில் கிடைத்தது. நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

எங்கள் டிராங்கெபார் பேட்டைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். தமிழ்ப் பெண்ணிடம் தமிழைத் தவிர வேறு பேச மாட்டார். “கோயிலுக்கு மட்டுமா தமிழு? வலிக்கும் அதுதான்” என்பார். தீவின் கிரியோல் மொழியே பேசி வளர்ந்த பெண்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டுவார்கள்.

பெரும்புயலுக்குப் பிறகு, கட்டில் வைத்த பிரசவ வண்டியில் முகாம் முகாமாகச் சுற்றினோம். நான் ஓட்டுநர். வண்டியே எங்கள் வீடு. புயலில் அதன் கதவுச் சட்டம் கோணிப்போயிருந்தது.

ஒருநாள் உள்ளே தலைப்பிரசவக்காரி லீலா வலியில் கிடந்தாள். வெந்நீர் வாங்க அக்கா இறங்கியதும் காற்று கதவை அறைந்து சாத்தியது. சாவி சுற்றியது, பூட்டின் நாக்கு அசையவில்லை. எண்ணெய் விட்டேன், தட்டினேன், திட்டினேன். ஜன்னலோ கையகலம். அக்கா கதவருகே நின்று, “திற, திற” என்று கத்தினார். உள்ளிருந்து பதில் வந்தது:

“மோ பே திறே, மதாம்!”

நான் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறாள். கிரியோலில் திறே என்றால் இழு. வெளிப்பக்கம் திறக்கும் கதவை அவள் பலம்கொண்ட மட்டும் உள்ளே இழுக்க, நாக்கு சட்டத்தில் இறுகிக்கொண்டே போயிருக்கிறது. அக்காவின் முகம் வெளுத்தது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். மறுகணமே தமிழை விட்டுவிட்டு, “பூசே! பூசே!” என்றார். தள்ளு என்று பொருள். பிரசவத்தில் முக்கு என்பதற்கும் அதே சொல்தான்.

உள்ளிருந்து லீலா கேட்டாள்:

“கி மோ பூசே, மதாம்? லாபோர்த் ஊ பாபா?”

எதைத் தள்ள, கதவையா, குழந்தையையா?

“லாபோர்த்!” என்று அலறினார் அக்கா. “பாபா பா ஆங்கோர்!” குழந்தை இப்போது வேண்டாமாம்.

அவள் தள்ள, நான் சாவியைச் சுற்ற, நாக்கு உள்ளே போனது. அக்கா ஏறிக்கொண்டார். வெந்நீரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குழந்தை பெண்.

தமிழை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பின் எதைச் சொன்னாலும், சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் கையைப் பார்ப்பார். அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தபிறகே அடுத்த வார்த்தை. அந்தப் பார்வையை நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். அவரது இறுதிச் சடங்கில் எல்லோரும் நிறையப் பேசினார்கள். நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தது. என்னுடையதும்தான்.