துணி மடிக்கும் அறையின் ஜன்னல்

‘ஆலையின் ஆன்மாவை நவீன சொகுசோடு இணைத்த தொலைநோக்குச் சிற்பிகளுள் ஒருவர்’ என்று புதிய ஹோட்டலின் வழவழப்பான திறப்பு விழா மலர் அவரை அறிமுகப்படுத்துகிறது. உண்மையில் அவருக்குக் கிட்டப்பார்வை. கட்டட வடிவமைப்பு அலுவலகமொன்றில் பதினேழு வருடமாகக் கதவும் ஜன்னலும் மட்டுமே வரைந்து வந்ததால் எல்லோருக்கும் அவர் ‘கதவம்மா’.

மூடிக் கிடந்த நூற்பாலைதான் ஹோட்டலானது. நிஜத் துருவைச் சுரண்ட ஓர் ஆள். சுரண்டிய இரும்புக்குத் துருவின் நிறத்தில் வண்ணம் பூச இன்னோர் ஆள். புகைபோக்கிக்கு அடியில் ‘புகைபிடிக்காதீர்’ பலகை. இதையெல்லாம் கதவம்மா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பின்சுவர். நீச்சல்குளத்துக்குப் பின்னணியாக அது ஜன்னலே இல்லாத மூளிச் செங்கலாகவே நிற்க வேண்டுமாம். அதன் உட்புறம்தான் துணி மடிக்கும் அறை.

அவருடைய நாத்தனார் வேறொரு ஹோட்டலில் விரிப்பு மடிப்பவர். இங்கே வேலைக்கு மனுப் போட்டிருந்தார். “அண்ணி, உங்க ஹோட்டல்லயாவது ஜன்னல் உண்டா? வெளிய மழையா வெயிலான்னு பஸ் ஏறும்போதுதான் எனக்குத் தெரியுது.”

கதவம்மா ஜன்னல் வரைந்தார். தலைமை வடிவமைப்பாளர் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

“செங்கல் பேசணும்மா. அது வாயில ஏன் துணிய அடைக்கிறீங்க?”

“உள்ள ஆறு பேர் நிக்கப் போறாங்க, சார்.”

“ஏசி இருக்கே!”

“ஏசி வழியா வெளிய பாக்க முடியாதே, சார்.”

“பாத்து என்ன பண்ணப் போறாங்க? மடிக்கத்தானே போறாங்க?”

மூன்று முறை வரைந்தார். மூன்று முறையும் சிவப்பு. வீட்டுக்கு வந்து கணவர்மேல் எரிந்து விழுந்தார். என்ன தப்பென்றே தெரியாமல் அவர் மன்னிப்புக் கேட்டார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் எதை மாற்றினாலும் அதைச் சுற்றி மேகம்போல ஒரு வளைகோடு போட்டுக் காட்ட வேண்டும். தலைமையானவர் மேகங்களுக்குள் மட்டுமே பார்ப்பார். அறுபது தாளுக்கும் பத்தே நிமிடத்தில் கையெழுத்து விழும். கடைசிக் கட்டு அவர் மேசைக்குப் போனபோது வரவேற்பறைத் தூண்களைச் சுற்றி மட்டும் ஏழு மேகங்கள் இருந்தன. ஏழையும் ரசித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

பின்சுவரில் ஓட்டை விழுந்த அன்று அவர் குதித்த குதியில் தலைக்கவசம் கழன்று விழுந்தது. “எவன்யா போடச் சொன்னது?”

கொத்தனார் தாளை நீட்டினார். “நீங்கதான் சார். இதோ, உங்க கையெழுத்து.”

தலைமை வடிவமைப்பாளர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; அவர் கையெழுத்தேதான். திறப்பு விழாவில் அதைச் ‘செங்கலின் ஒற்றைக் கண்’ என்று விருந்தினர்களுக்குச் சுட்டிக்காட்டியவரும் அவரே. மலரில் அதற்கு ஒரு முழுப்பக்கப் படம், அவர் பெயரோடு. அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கதவம்மா பல்லைக் கடித்தார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: துணி மடிக்கும் அறைக்கு நாலடிக்கு மூன்றடியில் ஒரு ஜன்னல் வரைந்தார், அதைச் சுற்றி மேகம் போடவில்லை.