மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு தையல்காரர்

எங்கள் ஆய்வகத்தில் காந்தக்காவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஆளுயரத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய காந்தத்தை அவர்தான் கவனித்துக்கொண்டார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நான் செய்வது பாலிமரில் நானோ துகள்கள், கண்ணுக்கே தெரியாத உருண்டைகள். அவற்றுக்குள் மருந்தை அடைத்து, உடம்புக்குள் மெல்ல மெல்லக் கசிய விட வேண்டும். மருந்து உள்ளே போனதா, வெளியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதைக் காந்தம்தான் சொல்லும். பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றி அதற்குள் இறக்கினால், திரையில் முகடு முகடாக ஒரு கோடு வரும். ஆனால் குழாயோடு போனால் அக்கா முதலில் என்னைத்தான் சோதிப்பார். "சாவி? வாட்ச்? கொண்டை ஊசி? உள்ள போய் என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுடாதே." தரையில் மஞ்சள் கோடு. இரும்போடு அதைத் தாண்டினவர் அன்றைக்குத் தொலைந்தார்.

மாலையானால் கோட்டுக்கு வெளியே, நடைவழி நாற்காலியில், ஒரு தையல்காரர் வந்து உட்காருவார். அக்காவின் கணவர். காலரில் எப்போதும் ஊசி குத்தியிருக்கும். ஊசியைக் கழற்றி வைத்துவிடலாம், நெஞ்சுக்குள் இருப்பதைக் கழற்ற முடியாதே. கல்யாணமான மறுவருடமே அவருக்கு பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். காந்தத்தின் பக்கத்தில் போனால் அது தாளம் தப்பிவிடும்.

"அப்படி என்னதாம்மா இருக்கு உள்ள?" என்று என்னிடம் கேட்பார். "வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுதான் இவளுக்கு. என் ஊசி பறந்து போய் ஒட்டிக்குமாமே! ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

"பாத்துட்டு நேரா மேல போறதுக்கா? பேசாம உட்காருங்க," என்று அக்கா உள்ளேயிருந்து அதட்டுவார். அதட்டிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். காட்ட வேண்டும் என்று அக்காவுக்கும் கொள்ளை ஆசை. எனக்குத்தான் எரிச்சலாக வரும். நாள் முழுக்க அந்த அறையில் சலித்துக்கொண்டு நிற்கிறவள் நான், ஆசைப்பட்டவருக்கு வாசலோடு சரி.

கடைசியில் பழைய காந்தத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்கு இன்னும் வலுவான புதியது வரப்போகிறது. பொறியாளர்கள் வந்து காந்தத்தின் சக்தியை மெதுவாக இறக்கி, அளந்து பார்த்து, "இனி இது வெறும் தொட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா ஃபோனை எடுத்தார். "ஏங்க, கடையைச் சாத்திட்டு வாங்க. இன்னிக்கு நீங்க உள்ள வரலாம்."

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார் மனுஷன். கோட்டருகே கால் தயங்கியது. அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போனார். இதுதான் என் நாற்காலி, இதிலே ஏறி நின்றுதான் குழாயை இறக்குவேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் தொட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு காலரிலிருந்து ஊசியை உருவி, தொட்டிக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, விரலை விட்டார்.

ஊசி தரையில் விழுந்தது.

"அதான் சொன்னேனே, சக்தியெல்லாம் எடுத்துட்டாங்கன்னு," என்றார் அக்கா.

"தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை."

அக்கா குனிந்து ஊசியைத் தேடி எடுத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஊசியை இரண்டு விரலால் பிடித்து, அவர் நெஞ்சருகிலிருந்து தொட்டிவரைக்கும் தானே வேகமாகக் கொண்டுபோய் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டார். "இப்படித்தாங்க போகும். வெடுக்குன்னு."

அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"இன்னொரு தடவை காட்டு," என்றார்.