எஞ்சினை நிறுத்தச் சொன்ன நயினார்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று நாலைந்து பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். பம்பாய்க்குப் போயிருந்தேன். ஆகாய விமானத்தில்! பொறாமைப்படாதீர்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முன்பு ஒரே ஒரு தடவை விமானத்தில் போனேன். அதை வைத்து இங்கே மூன்று வாரம் எழுதித் தீர்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் ஊர் செஞ்சியே என்னை விமான நிபுணன் என்று முடிவு கட்டிவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் வைத்திருப்பவர் அப்பாண்டை நயினார். மேல்சித்தாமூர்க்காரர். எஞ்சின் ஓடினால் போதும், எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவர் மகள் பத்மாவைப் பம்பாயில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுக்கு நாளை மறுநாள் காலையில் வயிற்றில் ஆபரேஷன் என்று தந்தி வந்தது. ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

"நீங்க ப்ளேன்ல போனவரு. கூட வாங்க சார். எனக்கு இன்னா தெரியும்?" என்றார். மறுக்க முடியுமா?

மறுநாள் சாயங்காலம் மீனம்பாக்கத்தில் ஏறினோம். பணிப்பெண் தட்டில் மிட்டாயும், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொண்டுவந்தார். நயினார் பஞ்சைத் தொடவில்லை.

"காதை அடைச்சிக்கினா மெஷின் இன்னா சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"



விமானம் தரையை விட்டுக் கிளம்பியது. காலுக்கடியில் 'டொம்!' நயினார் என் தொடையைப் பிடித்தார். "இன்னா சார் அது?"

எனக்கென்ன தெரியும்? "அது அப்படித்தான்" என்றேன்.

அடுத்து எங்கோ 'கர்ர்ர்...' "அது?" அதுவும் அப்படித்தான்! பிறகு எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. அவ்வளவுதான். நயினார் எழுந்து நின்று, மில்லில் கத்துகிற அதே குரலில் கத்தினார்:

"நிறுத்து! எஞ்சினை நிறுத்து!"

மில்லில் சரி. ஆகாயத்தில் எஞ்சினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்த மனிதர் யோசிக்க வேண்டாமா? நாற்பது தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. பணிப்பெண் ஓடி வந்தார். நல்லவேளை, தமிழ் தெரிந்தவர். முதலில் கேட்டது சக்கரம் மடங்கி உள்ளே போன சத்தம். உயரத்துக்கு வந்துவிட்டதால் எஞ்சின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்.

"சக்கரத்தை உள்ள வச்சிட்டா எறங்கறது எப்படிம்மா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாப்பாடு கொடுத்தாலாவது வாய் ஓயுமா என்றால், அவர் சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். பம்பாய் வரை கேள்விதான். கடைசியில் பொறுக்க முடியாமல், "சும்மா வாங்களேன் நயினாரே!" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இன்னா ஆனாலும் சரி சார். பொண்ணைப் பாத்துடணும்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பத்மாவைப் பார்த்தார், பேசினார். பிறகு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்... நயினார் கதவருகிலேயே நின்றார்.

"ஒரு சத்தமும் கேக்கலியே சார்?"

அது அப்படித்தான் என்று சொல்லப் போனேன். சொல்லாமல் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

திடீரென்று அவர் நிமிர்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது... 'க்ரீச்... க்ரீச்...'

"முன்சக்கரம். எண்ணெய் காட்டியே ரொம்ப நாளாவுது" என்றார். 

கதவு திறந்தது. தள்ளுவண்டியில் பத்மா. "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்றார் டாக்டர். மயக்கம் தெளியாமலே அவள் "நைனா" என்று அப்பாவைக் கூப்பிட்டு முனகினாள். நயினார் அந்த வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வழியெல்லாம் அவர்மீது சலித்துக்கொண்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பினோம். விமானம் கிளம்பியது. அதே 'டொம்!' அதே 'கர்ர்ர்!' நயினார் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அப்புறம் ஒரு 'டக்... டக்...' இது போகும்போது கேட்காத சத்தம்!

பணிப்பெண்ணை மணி அடித்துக் கூப்பிட்டது யார் என்று இன்றுவரை செஞ்சியில் யாருக்கும் தெரியாது.