சுவர் வரிக்கு எடுத்த ஓட்டு

ஜில்லா போர்டில் கட்டட ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், எஸ்டிமேட் போட்டுவிட்டால் கட்டடம் தானாக எழும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் சேர்ந்த முதல் வருஷம். ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒரு பருத்தி வியாபார ஊர். அங்கே பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஐப்பசி மழைக்குள் சுவரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியை மூடு என்று உத்தரவு. பாதிச் செலவு போர்டு தரும். மீதிக்கு வீட்டு வரி போட ஊரார் பொதுக்கூட்டத்தில் சம்மதிக்க வேண்டும். "மூடிட்டா பிள்ளைக எல்லாம் பருத்தி எடுக்கப் போயிரும்யா. பொறவு திரும்பி வராது" என்று மாசிலாமணி வாத்தியார் கண் கலங்கினார்.

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் கூட்டம். அஸ்திவாரம், செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம் என்று எஸ்டிமேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்துவிட்டு, "சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றேன். ஒரு கைகூட எழும்பவில்லை.

எனக்குச் சுரீரென்றது. பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை ராவுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஓவர்சியரய்யா, இது அம்புட்டும் யாவாரிக. இங்க 'கையைத் தூக்கிட்டான்'னா நொடிச்சுப் போயிட்டான்னு அர்த்தம். நாலு பேர் பாக்க நான் கையைத் தூக்குனா, நாளைக்கு எவன் எனக்குச் சரக்கு குடுப்பான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

அந்தச் சிரிப்போடு பருத்தித் தரகர் குருசாமி எழுந்தார். "சுவத்துக்கு என்ன கேடு? எங்க அய்யா காலத்துச் சுவரு, இன்னும் பத்து மழை தாங்கும். வரியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

பல தலைகள் ஆடின. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

ஆத்திரத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "சரி, யாரும் கையைத் தூக்க வேண்டாம். சுவரு நல்லாயிருக்குங்கிறவிய உள்ள போய் அது ஓரமா உக்காருங்க. அதுதான் வேண்டாம்ங்கிற ஓட்டு. வெளிய நிக்கிறவிய எல்லாம் வரிக்குச் சம்மதம்."

யாரும் நகரவில்லை. குருசாமி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வீம்பு! சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெடிப்பிலிருந்து மண் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டார், எழுந்திருக்கவில்லை.

"வாத்தியாரே, எம் மவன் எங்க உக்காருவான்?"

வாத்தியார் வாசலில் நின்றபடியே சொன்னார்: "இப்ப நீங்க இருக்கீகளே, அந்த எடந்தான்யா."

குருசாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "எழுதும்யா. எம் பேரை மொதல்ல எழுதும்" என்றார்.

மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று எழுதினேன். ஓட்டு எப்படி எடுத்தாய் என்று மேலதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழைக்கு முன்பே புதுச் சுவர் எழும்பியது.

அதன்பிறகு எந்தப் பள்ளிக்கூடக் கூட்டத்தையும் நான் மரத்தடியில் வைத்ததில்லை. பெற்றவர்களை அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில் உட்காரவைத்த பிறகுதான் எஸ்டிமேட்டைப் பிரிப்பேன்.